கைதியின் செபம்: றொபேட் நொக்ஸின் நூல் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

திருக்கோணமலைத் துறைமுகத்தின் தென்புறத்தே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கை கடலோடு கலக்கும் அப்பகுதியில், மூதூரை அடுத்து நின்ற புளியமரமொன்றின் கீழ், 1660ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவன் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டான். மசூலிப்பட்டினத்திலே புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த அக்கப்பல், புதிய மரம் நாட்டுவதற்காகவே கொட்டியாரத்தை நாடி வந்திருந்தது. தலைவனோடு சிறைப்பட்டோருள் அவன் மகன் றொபேட் நொக்ஸும் ஒருவன். தந்தைக்கும் மகனுக்கும் பெயர் ஒன்றே. மகனுக்கு அப்பொழுது வயது பத்தொன்பது. தந்தை ஓராண்டும் நிரம்புமுன் காய்ச்சலால் மாண்டான். மகன் பத்தொன்பதரை ஆண்டுகள் கண்டி நாட்டிற் கழித்து, 1679 ஒக்டோபரில் அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் தப்பிச் சேர்ந்தான். 1681இல் இலண்டனில் அவன் வெளியிட்ட இலங்கைத் தீவு பற்றிய வரலாற்று நூல் உலகப் புகழ் பெற்றது.

இந்நூல் நான்கு பாகங்களாலானது. நாடும் அதன் விளைபொருள்களும், அரசனும் ஆட்சிமுறையும், மக்களும் அவர்தம் வழக்காறுகளும் என்பன முதல் மூன்று பாகங்களின் பொருள். நான்காம் பாகம் ஆசிரியனின் சிறைவாழ்வையும் தப்பியோட்டத்தையும் கூறுவது. வரலாற்றாசிரியரும் சமூகவியலாளரும் முதல் மூன்று பாகங்களையே பெரிதும் எடுத்தாண்டு வந்துள்ளனர். நிலவுரிமை, இராசகாரியம், நெற்செய்கை, திருமண முறைகள் ஆகியவற்றை ஆராய்வோர்க்கு அவை அரிய சான்றாதாரங்கள். நான்காம் பாகத்தில் இடையிடையே வரும் செபங்களையும் இறைநினைவுகளையும் அக்கால வழக்கத்துக்கேற்ற பக்திப் பூச்சு எனக் கருதித் தள்ளிவிட்டுப் படிப்பதே பொதுவழக்கு. அவ்வாறு தள்ளப்படும் பகுதியே நூலின் உயிர்நாடி என்பதும், கிறிஸ்தவ வாழ்விற் செபம் பெறும் இடம் யாது என்ற வினாவுக்கு அது தரும் விடை அதன் ஆசிரியனையே நியாயத்தீர்ப்புக்குட்படுத்தும் விடை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இவ்வினா சமய போதகர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் பயில்வோர்க்கும் உரியது. தமிழ்மொழி அச்சேறிய வரலாறே செபத்தோடு தொடங்குகின்றது. 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்ட தமிழ்ச் சிறுநூல் செபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் கொண்டது. 1578இற் கொல்லத்திலே தமிழெழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் அடங்கிய போதனை நூல். யாழ்ப்பாணத்திற் பணிபுரிந்த ஒல்லாந்தக் குரு பிலிப்பு பால்தேயு 1672இல் வெளியிட்ட பெருநூலிற் கர்த்தர் கற்பித்த செபம் தமிழில் இடம்பெற்றது. நொக்ஸ் கண்டி மலைநாட்டில் தன் தாய்மொழியில் வேதநூல் ஒன்றுக்காக ஏங்கிக்கொண்டிருந்த அதே காலப்பகுதியில், அத்தீவின் வடகரையில் இன்னொரு ஐரோப்பியன் தமிழ்ச்செபமொன்றை ஏட்டிலே பொறித்துக்கொண்டிருந்தான் என்பது மனங்கொள்ளத்தக்கது. செபம் எனினும் மன்றாட்டு எனினும் விண்ணப்பம் எனினும், அச்சொல் எவர் வாயிலிருந்து, எந்நிலையில், எவரை உள்ளடக்கிப் பிறக்கின்றது என்று வினவுவது இலக்கியத் திறனாய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.

1

நொக்ஸின் வரலாற்றில் முதலாவதாகத் தோன்றும் சமயச் செயல் செபமன்று, வாக்குறுதி. கப்பலை ஆற்றினுட் கொண்டுவருவிக்கும் நோக்குடன் திசாவை மகனைக் கப்பலுக்கு அனுப்பினான். புறப்படுமுன் தந்தை, தன் ஆசீர்வாதத்தின் பேரிலும் இறுதி நாளின் நியாயத்தீர்ப்பின் பேரிலும், தன்னைக் கைவிடாது திரும்பிவருமாறு மகனைக் கட்டளையிட்டான். மகனும் அவ்வாறே உறுதி செய்தான். கப்பலிலேறியவன் அங்கேயே தங்கியிருப்பின் அவனைத் தடுப்பார் எவருமிலர். மாலுமிகளுக்கு ஆபத்தை உணர்த்தி, கப்பலைப் பாதுகாக்கும் வழி கூறிவிட்டு, அவன் கரைக்குத் திரும்பினான். பத்தொன்பதரை ஆண்டுச் சிறைவாழ்வு அவன் தானே மீண்டும் நடந்து புகுந்த சிறைவாழ்வாகும்.

நூலின் செபங்கள் அனைத்தையும் இந்நிகழ்ச்சியின் ஒளியிலேயே நோக்குதல் வேண்டும். இறைவனைச் சாட்சியாக்கிச் சொல்லப்பட்ட சொல்லுக்குத் தன் உடலைப் பிணையாக வைத்தவன் ஒருவனின் செபங்கள் அவை. சொல் வேறு செயல் வேறு என்னும் பிளவு கொட்டியாரக் கரையில் அவனிடத்து இருக்கவில்லை. பின்னாளில் அப்பிளவு தோன்றிற்றா என்பது பின்னர் ஆராயப்படும்.

தந்தையும் மகனும் ஏனையோரினின்று பிரிக்கப்பட்டு, இன்றைய குருநாகல் மாவட்டத்தைச் சேர்ந்த பண்டார கொஸ்வத்தையிலே தங்கவைக்கப்பட்டனர். இருவரையும் குளிர்க்காய்ச்சல் வாட்டியது. 1661 பெப்ரவரியில் தந்தை இறந்தான். இறைவனுக்கு ஊழியஞ் செய்து அவர் வழியில் நடக்குமாறு மகனுக்குக் கூறியதே அவன் இறுதி அறிவுரை. உடலை அடக்கஞ் செய்ய உதவி கேட்டு மகன் தன்னோடிருந்த சிறுவனை அயலாரிடம் அனுப்பினான். மாடு கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து, பிணத்தைக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாம், கூலியின்றி வேறு உதவி இயலாது என்றனர் அவர்கள். கூலி கொடுத்து உதவி பெற்று, மகன் தந்தையைப் புதைத்தான். இக்காட்சியை நொக்ஸ் கூறும் முறை குறிப்பிடத்தக்கது. ஒப்பாரியில்லை, இறைவன்மீது முறைப்பாடும் இல்லை. கயிறும், கூலியும், தன் உடற்சோர்வும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்படுகின்றன. துயரத்தின் அளவை வாசகனே உணர்ந்துகொள்ளுமாறு விடப்பட்டுள்ளது.

2

இத்தனிமையில் நொக்ஸிடம் எஞ்சியிருந்தவை இரு நூல்கள். ஒன்று லூயிஸ் பெய்லி எழுதிய பக்திப் பயிற்சி நூல். மற்றது றிச்சட் றொஜர்ஸின் ஏழு ஆய்வுரைகளிலிருந்து வந்த கிறிஸ்தவ ஒழுக்க நூல். உணவருந்திய பின் நூலொன்றை எடுத்துக்கொண்டு வயல்வெளிக்குச் சென்று மரநிழலில் அமர்ந்து மாலைவரை படிப்பதும் தியானிப்பதும் அவன் வழக்கம். காய்ச்சல் காணும் நாட்கள் மட்டும் விதிவிலக்கு. படித்துப் படித்து அவை ஏறத்தாழ மனப்பாடமாகிவிட்டன.

பெய்லியின் நூல் காலைச் செபம், மாலைச் செபம், நோயாளியின் செபம், மரணப் படுக்கைச் செபம் என வாழ்வின் ஒவ்வொரு நிலைக்கும் வாய்பாடு வகுத்துத் தருவது. அக்கால இங்கிலாந்தில் வாய்பாட்டுச் செபம் பெரும் வாதத்துக்குரிய பொருளாயிருந்தது. நொக்ஸ் சிறைப்பட்ட அதே 1660ஆம் ஆண்டின் நவம்பரில், அனுமதியின்றிப் போதித்தமைக்காக யோன் பனியன் கைதானான். பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தான். சிறைவாழ்வின் தொடக்க ஆண்டுகளில் அவன் எழுதிய செபம் பற்றிய நூல், அரசு விதித்த செபப் புத்தகத்தை வாசிப்பது செபமாகாது, ஆவியின் ஏவுதலால் உள்ளத்தினின்று எழுவதே செபம் என வாதிடுவது. ஆயினும் பனியனின் ஆன்மீக விழிப்புக்குத் தூண்டுகோலாயிருந்த நூல்களுள் ஒன்று, அவன் மனைவி சீதனமாகக் கொணர்ந்த அதே பெய்லியின் நூலே. ஒரே நூல் பெட்ஃபோட் சிறைக்கைதியையும் கண்டிக் கைதியையும் உருவாக்கியது.

வாய்பாடா, தன்னெழுச்சியா என்ற இவ்வாதத்தை நொக்ஸ் எங்கும் நேரடியாக எடுத்துரைக்கவில்லை. எனினும் அவன் வாழ்வே அதற்கு ஒரு விடை. தாய்மொழி பேசுவார் அருகிலில்லாத ஊரில், மனப்பாடமான செபவாக்கியங்களே அவன் மொழியைக் காத்தன. நாளைக் காலை மாலை எனப் பகுத்துத் தந்தன. இறந்த தந்தையின் குரலை நினைவில் நிறுத்தின. வாய்பாடு இங்கே உயிரற்ற சடங்காகத் தோன்றவில்லை. மூழ்குபவனுக்குக் கிடைத்த மிதவைக்கட்டையாகத் தோன்றுகின்றது. ஆனால் மிதவையைப் பற்றிக்கொண்டே எக்காலமும் இருத்தல் இயலாது. மனப்பாடமான நூல்கள் போதாமற் போனபோது அவன் வேறொன்றை வேண்டினான். வேதாகமத்தை இறைவன் தனக்கு எவ்வாறேனும் அனுப்புவார் என எதிர்பார்த்தான். அறிவுக்குப் பொருந்தாத எதிர்பார்ப்பு என அவனே அறிந்திருந்தும் அதனைக் கைவிடவில்லை. இரந்து நிற்கும் செபம் இங்குதான் தொடங்குகின்றது.

தந்தை இறந்த பின்னர் ஒருநாள் நொக்ஸ் ஓடையொன்றில் தூண்டில் போட்டு மீன்பிடித்துக் கொண்டிருந்தான். அவ்வழியே சென்ற கிழவன் ஒருவன், உன் எசமானுக்கு நூல் படிக்கத் தெரியுமா எனச் சிறுவனை வினவினான். கொழும்பைப் போர்த்துக்கேயர் இழந்த காலத்தில் தனக்கு நூலொன்று கிடைத்ததென்றும், விலைக்குத் தருவதாகவும் கூறினான். கொழும்பு வீழ்ந்தது 1656இல். போர்க்கொள்ளையில் ஒரு சிங்களக் கிராமவாசியின் கைக்கு வந்த அந்நூலைப் பார்த்துவரச் சிறுவன் சென்றான். அவன் முன்னர் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்தவனாகையால் நூலைக் கண்டதும் அறிந்துகொண்டான். அது வேதாகமம் எனக் கூவியபடி ஓடிவந்தான். நொக்ஸ் தூண்டிலை எறிந்துவிட்டு நூலைத் திறந்தான். அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரம் கண்முன் விரிந்தது. நள்ளிரவிற் சிறையிலிருந்து செபித்துப் பாடிய பவுலையும் சீலாவையும் பற்றியும், மீட்புக்கு வழி யாதென வினவிய சிறைக்காவலன் பெற்ற மறுமொழி பற்றியும் கூறும் அதிகாரம் அது.

இவ்விடத்தில் ஒரு சாதாரண பக்தி நூலாசிரியன் கண்ணீரும் துதியுமாகக் காட்சியை முடித்திருப்பான். நொக்ஸோ அடுத்து விலைபேசுதலைக் கூறுகின்றான். அவனிடமிருந்தது ஒரேயொரு வராகன். அதனை உடனே கொடுத்துவிட அவன் ஆயத்தமாயிருந்தான். சிறுவன் தடுத்தான். நூலை விரும்பாதவர்போல் இருங்கள், குறைந்த விலைக்கு முடித்துத் தருகின்றேன் என்றான். இறுதியிற் பின்னல் தொப்பியொன்றுக்கு வேதாகமம் கைமாறியது. தொப்பி பின்னுதல் ஆங்கிலக் கைதிகளின் சீவனோபாயத் தொழில்களுள் ஒன்றாயிருந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது. காகங்களைக் கொண்டு எலியா தீர்க்கதரிசியைப் போஷித்த அற்புதத்துக்கு நிகரான அற்புதமாகவே நொக்ஸ் இதனைக் கருதினான். ஆயினும் அவ்வற்புதம் தொப்பி ஒன்றின் வழியே, சந்தைத் தந்திரத்தின் வழியே வந்தது என்பதை மறைக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை.

நூலின் செபக் கோட்பாடு இக்காட்சியிலேயே அடங்கியுள்ளது எனலாம். செபம் உழைப்புக்கு மாற்றன்று. உழைப்பை விடாது நடத்தும் பொறுமையை அது தருகின்றது. தப்பியோட்ட வரலாறும் இதனையே உறுதிப்படுத்தும். ஸ்டீபன் றட்லண்டு என்னும் தோழனுடன் நொக்ஸ் ஆண்டுக்கணக்காக வடதிசை ஊர்களுக்குச் சில்லறை வணிகனாகச் சென்று வழியறிந்தான். ஒருமுறையன்று, பலமுறை முயன்று திரும்பினான். 1679 செப்ரெம்பரிற் புறப்பட்டு, அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் போக்கைப் பின்பற்றிக் காட்டினூடே நடந்து, ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்பை அடைந்தான். வழிநெடுகிலும் இறைவனின் வழிநடத்தலை அவன் நினைவுகூர்கின்றான். அதேவேளை ஆற்றின் திசையையும் உணவின் அளவையும் கணக்கிட்டுக்கொண்டே செல்கின்றான்.

3

இவ்விடத்து ஓர் ஐயம் எழுதல் இயல்பு. நொக்ஸ் கப்பற்காரன், இளமையிலேயே சிறைப்பட்டவன், பெருங்கல்வி பெறாதவன். அவன் கையெழுத்துப் பிரதியைச் சீர்படுத்தி நூலாக்குவதிற் பங்குகொண்டோருள் அவன் உறவினனும் குருவானவனுமாகிய யோன் ஸ்றைப் ஒருவன். அறிவியலாளன் றொபேட் ஹூக் நூலுக்கு முன்னுரை எழுதினான். அவ்வாறாயின் செபப் பகுதிகள் கைதியின் குரலா, குருவானவரின் கைவண்ணமா?

ஸ்றைப்பின் கை நூலிற் பட்டிருத்தல் கூடும் என்பதை மறுத்தற்கில்லை. பகுதிகளின் ஒழுங்கும் சில வாக்கியங்களின் மெருகும் கற்றவர் ஒருவரைக் காட்டுகின்றன. எனினும் நொக்ஸின் செபவாழ்வைக் காட்டும் தலையாய காட்சிகள் எவையென நோக்கின் ஐயம் பெரும்பாலும் நீங்கும். காய்ச்சல் நாட்களில் மட்டும் விடுபட்ட தியானம், பிணத்துக்கு நீட்டப்பட்ட மாட்டுக்கயிறு, ஒற்றை வராகனைப் பற்றிய கலக்கம், தொப்பிக்கு வாங்கிய வேதாகமம் ஆகியவை பிரசங்க மேடையிற் பிறந்த உவமானங்களல்ல. மேலும், நொக்ஸ் தன் இறுதிக்காலம் வரையில் தன் நூலுக்கு மேன்மேலும் குறிப்புகளைச் சேர்த்து எழுதி வந்தான். 1911இல் அவன் தன்வரலாற்றைச் சேர்த்து வெளியிட்ட றையனின் பதிப்பும், 1989இல் அவன் சேர்த்த குறிப்புகளைப் பயன்படுத்தி வெளிவந்த பௌலுஸின் பதிப்பும், சிறைவாழ்வைத் தன் வாழ்வின் மையமாக அவன் இறுதிவரை கருதினான் என்பதைத் தெளிவாக்குகின்றன. செபம் அவனுக்குப் பிறர் அணிவித்த ஆடையன்று.

ஆயினும் செபத்தின் உண்மையை நிறுவுவதோடு திறனாய்வு முடிந்துவிடுவதில்லை. உண்மையான செபம் செபித்தவனை என்ன செய்தது என்ற கேள்வி எஞ்சி நிற்கின்றது.

நொக்ஸின் தந்தைக்குப் பணிபுரிய ஒரு கறுப்பினச் சிறுவன் கூட்டிவரப்பட்டிருந்தான். பறங்கிப்பேட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவன் என்கிறது நூல். அவன் தாய்மொழி கூறப்படவில்லை. பறங்கிப்பேட்டை சோழமண்டலக் கரையிலுள்ள தமிழூர் என்பதைக் கொண்டு ஊகிக்கலாம். தன் எசமான் தன்னையொத்த நிறத்தவரின் கையிற் கைதியானதைக் கண்டபின் அச்சிறுவன் தன் மனம்போன அளவுக்கே பணிந்தான் என நொக்ஸ் குறைபட்டுக்கொள்கின்றான். கீழ்ப்படியாமை எனக் கூறப்படும் அதனை வேறுவகையாகவும் படிக்கலாம். ஆண்டானும் அடிமையும் என்ற நிலை சிறைக்குள்ளே குலைந்தது. சிறுவன் முதன்முறையாகத் தன் விருப்பம் என ஒன்று இருப்பதைக் கண்டான்.

தந்தையின் பிணத்துக்கு உதவி கேட்டு ஊருக்குட் சென்றவன் ஒரு சிறுவன். கிழவனோடு பேசியவனும், வேதாகமத்தை இனங்கண்டு ஓடிவந்தவனும், அதனைத் தொப்பிக்கு வாங்கும் உபாயம் கூறியவனும் சிறுவனே. நொக்ஸின் செபத்துக்கு விடை வந்தது என்றால் அவ்விடையைக் கையிற் சுமந்துவந்தவன் அவன். எலியாவுக்கு உணவு கொணர்ந்த காகங்களை நொக்ஸ் நினைவுகூர்ந்தான். காகத்தின் பணியைச் செய்தவனின் பெயரை எழுத அவனுக்குத் தோன்றவில்லை. ஊரையும் ஆற்றையும் மரத்தையும் மீனையும் பெயர் சொல்லிக் குறிக்கும் ஒரு நூலில் இப்பெயரின்மை உறுத்துகின்றது.

விடுதலை பெற்றபின் நிகழ்ந்தவை இவ்வுறுத்தலை மிகுவிக்கின்றன. இங்கிலாந்து சேர்ந்த நொக்ஸ் 1681இற் கிழக்கிந்தியக் கொம்பனியின் 'தொங்கீன் மேர்ச்சன்' என்னும் கப்பலுக்குத் தலைவனானான். 1684இல் தொடங்கிய இரண்டாம் பயணத்தில் மடகாஸ்கர் சென்று அடிமைகளை வாங்கி சென் ஹெலீனாத் தீவுக்குக் கொண்டுசெல்வது அவனுக்கிட்ட பணி. அதனை ஏற்று அவன் பாயெடுத்தான். அப்பயணத்தில் மாலுமிகளே கலகஞ்செய்து கப்பலைக் கவர்ந்து சென்றனர் என்பது வேறு கதை. இருபதாண்டுகள் விடுதலைக்காக மன்றாடிய ஒருவன், அம்மன்றாட்டு கேட்கப்பட்டது என உலகறியச் சான்று பகர்ந்த சில ஆண்டுகளுக்குள், பிறரைச் சிறைப்படுத்தும் தொழிலுக்குத் துணைபோனான்.

இவ்வொழுக்கத்தை அக்கால வழக்கம் எனக் கூறி அமைதி காண்பாருளர். அவ்வழக்கம் பரவலானது என்பது மெய்யே. டேனியல் டீபோவின் 'றொபின்சன் குறூசோ' (1719) இதற்கு இலக்கியச் சான்று. நொக்ஸின் நூலை டீபோ நன்கறிந்தவன். 1720இல் வெளிவந்த 'கப்டன் சிங்கிள்டன்' என்னும் நாவலில் நொக்ஸின் கதையையே சுருக்கிச் சேர்த்தான். குறூசோவும் குளிர்க்காய்ச்சலிலே கிடந்து முதன்முதலாக மனமார மன்றாடுகின்றான்; அவனும் வேதாகமத்தைத் திறந்து முதலிற் கண்ட வாக்கியத்தைத் தனக்கென வந்த விடையாகக் கொள்கின்றான். அவனும் அடிமைத்தளையினின்று தப்பியவன். தப்புதற்கு உதவிய சிறுவன் சூரியை விற்றவன். அடிமைகளைக் கொணரச் செல்லும் பயணத்திலேயே கப்பலுடைந்து தனித்தீவை அடைந்தவன். ஆயின் வழக்கம் என்பது விளக்கமாகுமேயன்றி நியாயமாகாது. நொக்ஸுக்குச் சிறைவாழ்வின் கைப்புத் தெரியும். அவன் அறியாமையிற் செய்தான் எனச் சொல்லும் வாயில் அவனுக்கு மட்டும் அடைபட்டுள்ளது.

4

இம்முரணை விளங்கிக்கொள்ளத் தமிழ்மொழியே ஒரு கருவியைத் தருகின்றது. கர்த்தர் கற்பித்த செபம் ஒருமையில் அமைந்ததன்று; தனித்திருந்து செபிப்பவனும் பன்மையிலேயே அதனைச் சொல்லவேண்டும். ஆங்கிலத்திலுள்ள தன்மைப் பன்மைச் சொல் முன்னிலையாரை உள்ளடக்குகின்றதா, விலக்குகின்றதா என்பதைக் காட்டாது. தமிழில் 'நம்' என்பதும் 'எங்கள்' என்பதும் வேறு. தமிழ்க் கிறிஸ்தவர் கத்தோலிக்கராயினும் சீர்திருத்தத் திருச்சபையினராயினும் 'எங்கள்' என்றே இறைவனை விளிக்கின்றனர். விளிக்கப்படுபவர் விளிப்போர் கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர் ஆதலின் இலக்கணம் அதனையே வேண்டுகின்றது. ஆனால் அச்சொல்லைச் சொன்ன கணத்திலே தமிழ் செபிப்பவனிடம் ஒரு கேள்வியை எழுப்பிவிடுகின்றது: இந்த 'எங்கள்' என்பதனுள் யார் யார் உளர்?

நொக்ஸின் 'எங்களுள்' தந்தை உண்டு. சிறைப்பட்ட தோழர் உண்டு. கடலுக்கப்பாலுள்ள இங்கிலாந்தும் உண்டு. பறங்கிப்பேட்டைச் சிறுவன் அதனுள் இருந்தானா என்பதற்கு நூலிற் சான்றில்லை. அன்றாட உணவை வேண்டும் விண்ணப்பம் அவ்விருவர்க்கும் ஒரே சோற்றுக்கான விண்ணப்பமாயிருந்தும், செபத்தின் பன்மை அவனை எட்டவில்லை. நொக்ஸின் செபத்தின் குறைபாடு நம்பிக்கைக் குறைவன்று, ஊக்கக் குறைவுமன்று. அவன் பயன்படுத்திய பன்மை குறுகியது.

கொட்டியாரக் குடாவின் சூழலே இதனை மேலும் விரிவாக நோக்கத் தூண்டுகின்றது. குடாவின் வடபுறத்தே உயர்ந்து நிற்பது திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற கோணமாமலை. 1622இற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைத் தகர்த்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். அக்கோட்டையுள்ளும் செபம் ஒலித்திருக்கும். செபிப்போரின் 'எங்களுள்' கோயிலை இழந்தோர் இடம்பெற்றிலர். கோயில் அழிந்தபின் திருவுருவங்கள் மறைத்துக் காக்கப்பட்டு, தம்பலகாமத்திலே வழிபாடு தொடர்ந்தது எனத் திருக்கோணமலை மரபு கூறும். நொக்ஸைச் சிறைபிடித்த இராசசிங்கன் காலத்தை அம்மரபு தம்பலகாமக் கோயிலோடு தொடர்புபடுத்துகின்றது. கோயிலிழந்த சைவ அடியாரும், திருச்சபையிழந்த ஆங்கிலக் கைதியும், ஒரே நூற்றாண்டில், ஏறத்தாழ ஒரே நிலப்பரப்போடு தொடர்புற்று, கட்டடத்தின் துணையின்றி மன்றாடினர். செபம் இடத்தைச் சார்ந்ததன்று என்பதை இருசாராரும் இழப்பின் வழியே கற்றனர். ஒருவர் மன்றாட்டை மற்றவர் அறிந்திலர்.

இத்தொடர்பு இலக்கியத்தில் நிறைவேறப் பின்னும் இரு நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன. சிறையுற்ற பனியன் எழுதி 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் கையில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் தமிழ்க் காப்பியமாகி 1894இல் வெளிவந்தது. வைணவக் குடும்பத்திற் பிறந்து 1858இற் கிறிஸ்தவம் தழுவிய கிருஷ்ணபிள்ளை, பயணியின் மன்றாட்டுகளைத் தேவார யாப்பிலும் ஆழ்வார் பாசுரங்களின் நெகிழ்ச்சியிலும் அமைத்தார். காப்பியத்தின் இடையிடையே வரும் அப்பதிகங்களிற் கிறிஸ்தவச் செபம் முன்னோர் அடியார்களின் குரலை அந்நியமாகக் கருதி ஒதுக்காமல் தன்னகத்தே ஏற்றுக்கொண்டது. 'எங்கள்' என்ற சொல்லின் எல்லை அங்கே சற்று அகன்றது. நொக்ஸிடம் நிகழாதது கிருஷ்ணபிள்ளையிடம், சொல்லளவிலேனும், நிகழ்ந்தது.

5

கிறிஸ்தவ வாழ்விற் செபம் இன்றியமையாதது என்பது மீண்டும் மீண்டும் கூறப்படும் உண்மை. அதனை வெறும் அறிவுரையாகக் கூறும்போது கேட்பது கிடைக்கும் என்ற வாக்குறுதியாக மட்டும் அது சுருங்கிவிடுகின்றது. நொக்ஸின் நூல் இச்சுருக்கத்துக்கு இடந்தரவில்லை. அவன் கேட்ட வேதாகமம் கிடைத்தது. கேட்ட விடுதலையும் கிடைத்தது. கேட்டது கிடைத்தது என்பதே செபத்தின் வெற்றியாயின், நொக்ஸைவிட வெற்றிபெற்றவர் சிலரே. தந்தைக்கோ விடுதலை கிடைக்கவில்லை. மகனுக்கு இறைவழியைக் காட்டிவிட்டு அவன் அந்நிய மண்ணிற் புதைந்தான். கிடைத்த மகனைவிடக் கிடையாத தந்தையின் செபம் தாழ்ந்தது எனக் கூற எவரும் துணியார். வேண்டுமுன்னரே தந்தையாகிய கடவுள் தேவையை அறிவார் என்பது நற்செய்தியின் போதனை. வேண்டத்தக்கதை அறிபவன் இறைவனே என்ற தெளிவு மணிவாசகரிடமும் காணப்படுவது. அங்ஙனமாயின் செபம் இறைவனுக்குச் செய்தி அறிவிக்கும் கருவியன்று. செபிப்பவனை மாற்றும் கருவி.

அளவுகோல் இதுவாயின், நொக்ஸின் செபம் இருவகையான தீர்ப்புக்குரியது. சொன்ன சொல்லைக் காத்தல், தாய்மொழியையும் நினைவையும் இழவாமை, சோர்வின்றி முயலுதல் என்னும் பண்புகளை அது அவனுக்கு ஈந்தது. பத்தொன்பதரை ஆண்டுகள் உடைந்துபோகாத ஒரு மனிதனை அது உருவாக்கியது. இது சிறிதன்று, சிறையிலும் அகதி முகாமிலும் அந்நிய நாட்டிலும் வாழ நேர்ந்த எவரும் இதன் பெறுமதியை அறிவர். ஆனால் அருகிலிருந்தவனை அயலானாகக் காணும் கண்ணை அது அவனுக்கு அளிக்கவில்லை. அக்கண்ணை அவன் வேண்டிக் கேட்டதாகவும் நூலிற் குறிப்பில்லை.

மூதூரில் அப்புளியமரத்தடியில் 'வெள்ளையன் மரம்' எனக் குறிக்கும் நினைவுக்கல் ஒன்று பின்னாளில் நாட்டப்பட்டது. பத்தொன்பது ஆண்டுச் சிறையையும் நொக்ஸின் பெயரையும் அது கூறும். வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த சிறுவனின் பெயர் கல்லிலும் இல்லை, நூலிலும் இல்லை. அவன் கண்டி நாட்டிலிருந்து மீண்டானா, மீண்டிருப்பின் பறங்கிப்பேட்டையை மறுபடி கண்டானா என்பன விடையில்லா வினாக்கள். அவனும் ஒரு மொழியில், ஒரு தெய்வத்தை நோக்கி, ஊர் திரும்ப வேண்டும் என மன்றாடியிருப்பான் என்று கொள்வது மிகைக் கற்பனையாகாது. நொக்ஸின் நூலைச் செபநூலாகப் படிக்கும் வாசகன், அச்சடிக்கப்பட்ட செபங்களோடு எழுதப்படாத அம்மன்றாட்டையும் சேர்த்துப் படிக்கக் கடமைப்பட்டவன்.